கம்போடியாக் காட்டில் ஆயிரம் லிங்க ஆறு: அம்மாவோடு போகலாமா, எப்போது போகலாம்?

வாவிக்கரை | கல்லடி

வணக்கம். அங்கோர் வாட் பற்றி இங்கே ஏற்கெனவே நிறையக் கதைத்திருக்கிறீர்கள், அதை மறுபடி கிளறவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது கபால் ஸ்பியன். குலேன் மலைச் சரிவில், காட்டுக்குள் ஓடுகிற ஓர் ஆற்றின் அடிப்பாறையிலேயே லிங்கங்களையும் பள்ளிகொண்ட பெருமாளையும் செதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த இடம்.

போகிறவர்கள் நான், என்னவர், அம்மா. நாங்கள் இருவரும் படிப்பிக்கிறவர்கள், அதனால் ஆகஸ்ட் லீவு இல்லையென்றால் டிசம்பர் லீவு. அம்மாவுக்கு வயது 68. ஒரு காலத்தில் உகந்தையிலிருந்து காட்டுப்பாதையால் கதிர்காமம் நடந்தவ. இப்போது முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை. சுத்த சைவம் வேறு. ஒரு பயண முகவரிடம் விசாரித்தால், "அது வெறும் கல்லும் தண்ணியும் மிஸ், அந்த நேரத்துக்கு மார்க்கெட் போகலாம்" என்கிறார். அவர் சொன்ன விதத்திலேயே எனக்குப் போயே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது. போனவர்கள் சொல்லுங்கள்.

உகந்தைநடை | திருக்கோவில்

போங்க தங்கச்சி. முகவர் சொன்னது பொய்யில்லை, கல்லும் தண்ணியும்தான். ஆனால் என்ன கல், என்ன தண்ணி!

சியம் ரீப் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பந்தே ஸ்ரேய் கோயிலைத் தாண்டி அதே வழியில் இன்னும் வடக்கே போகவேண்டும். ஓட்டோ மாதிரி ஒன்று ஓடுகிறது, அதில் போனால் இடுப்பு கழன்றுவிடும். அம்மா இருப்பதால் கார் பிடியுங்கள். வாகனம் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் மேட்டுப் பாதை. மரவேர், உருண்டைக் கல், அங்கங்கே மரப்படி. சாதாரண ஆள் முக்கால் மணித்தியாலத்தில் ஏறிவிடுவார்.

மேலே போனதும் உடனே ஒன்றும் தெரியாது. ஆறு அகலமில்லை. பாறைமேல் மெல்லிசாகத் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். அப்படியே நின்று பாருங்கள். கண் பழகப் பழக, பணியாரச் சட்டியைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி வரிசை வரிசையாகக் குமிழ்கள் தெரியத் தொடங்கும். ஒவ்வொன்றும் லிங்கம். சதுரம் ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. சில இடத்தில் பெரிய சதுரத்துக்கு நடுவே பெரிய லிங்கம், அதைச் சுற்றிச் சின்னவை, தண்ணீர் வெளியேற ஒரு வாய். அருவிக்கு மேலே நூற்றைம்பது மீட்டர் தூரத்துக்கு இதுதான் ஆற்றின் தரை.

பெருமாள் பாறை விளிம்பில், நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறார். அனந்தன்மேல் சாய்ந்த உடம்பு, காலடியில் இலக்குமி, உந்தியிலிருந்து எழுந்த தாமரையில் பிரமன். நான் போன நேரம் ஓட்டம் அவருடைய இடுப்பை உரசிக்கொண்டு போனது. அந்தக் கோட்டுக்குக் கீழே பாசி, மேலே வறண்ட மணற்கல். இன்னோர் இடத்தில் உமையோடு நந்திமேல் சிவன். சில உருவங்களைத் திருடர்கள் உளி போட்டுப் பெயர்த்திருக்கிறார்கள், அந்த வெட்டுக்காயத்தைப் பார்க்க வயிறெரியும்.

கோபுரம், மூலஸ்தானம், குருக்கள், மணியோசை எதையும் எதிர்பார்த்துப் போகவேண்டாம்.

படுவான்கரையான் | வவுணதீவு

இவ்வளவு காசு செலவழித்துக் கடல் தாண்டிப் போய்க் கல்லைக் கும்பிடணுமா? தாந்தாமலை இருக்கு, குசலானமலை இருக்கு, சங்கமன்கண்டி இருக்கு. அங்கே பிராமி எழுத்தே கல்லில் கிடக்கு. பார்க்கத்தான் ஆளில்லை.

வாவிக்கரை | கல்லடி

அண்ணே, தாந்தாமலைத் திருவிழாவுக்குச் சின்ன வயசிலிருந்து போகிறோம். அங்கே போகிறவர் இங்கே போகக் கூடாதா? அதுவும் இப்போது யானைக்குப் பயந்து பின்னேரம் நாலு மணிக்கே திரும்பவேண்டியிருக்கு.

படுவான்கரையான் | வவுணதீவு

யானை விஷயத்தில் வாயைத் திறக்க மாட்டேன். போயிட்டு வந்து போட்டோ போடுங்க.

வட்டைவிதானை | அம்பாறை

நீர்ப்பாசன வேலையில் தலைமுடி நரைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இதைச் சிற்பம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். அந்த ஆறு குலேன் மலையிலிருந்து இறங்கிச் சியம் ரீப் ஆற்றோடு சேர்ந்து, அங்கோர் சமவெளிக்குப் போய், கடைசியில் தொன்லே சாப் ஏரியில் விழுகிறது. வழியில் அந்தக் காலத்து ராசாக்கள் வெட்டிய வாவிகளுக்கும் வயலுக்கும் தண்ணீர் போனது இந்த ஆற்றுத் தொகுதியால்தான். மேலே, தண்ணீர் ஊரைத் தொடுவதற்கு முன்னமே, அதை ஆயிரம் லிங்கத்துக்கு மேலாக ஓடவிட்டிருக்கிறார்கள். இடைவிடாத அபிஷேகம். அந்த அபிஷேகத் தீர்த்தம்தான் கீழே வயலுக்குப் பாய்கிறது.

யார் செய்தது என்று பாருங்கள். அங்கே கிடக்கிற கல்வெட்டுகளின்படி பெரும்பாலானவை முதலாம் சூரியவர்மன் காலத்தவை, 11ஆம் நூற்றாண்டின் முற்பாதி. மிச்சம் இரண்டாம் உதயாதித்தவர்மன் காலம். 1059இல் அவன் அங்கே ஒரு பொன் லிங்கத்தைப் பிரதிஷ்டை செய்ததாகவும் குறிப்பு இருக்கிறது. இனி அங்கோரின் மேற்குப் பாராய்க்கு வாருங்கள். 8 கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய அகலம், முழுக்க மனிதன் கட்டிய வாவி. அதுவும் இந்த இரண்டு பேர் காலத்து வேலைதான். அதன் நடுவே ஒரு கோயில், அந்தக் கோயிலில் 1936இல் வெண்கலத்தில் ஒரு பிரமாண்டமான பள்ளிகொண்ட பெருமாள் துண்டுகளாகக் கிடைத்தார். மலையில் ஆற்றுக்குள் கல்லாகப் படுத்திருக்கிறவர்தான் கீழே வாவிக்குள் வெண்கலமாகப் படுத்திருக்கிறார். நீரேந்து பகுதியில் ஒருவர், நீர்த்தேக்கத்தில் ஒருவர். எங்கள் திணைக்களத்தில் யாருக்கும் இந்த யோசனை வந்ததில்லை.

நாங்களும் துருசு (மதகு) திறக்கமுன் குளக்கட்டில் பொங்கல் வைக்கிறவர்கள்தானே. மழை பிந்தினால் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு முறிக்கிறோம். தண்ணீருக்கு முதலில் மரியாதை, மறுகாதான் மண்வெட்டி. அந்தப் புத்திதான் அங்கே கல்லில் ஏறியிருக்கிறது.

அதனால் தங்கச்சி, நீங்கள் கேட்ட "எப்போது" என்பதுதான் முக்கியமான கேள்வி. எங்கள் கணக்கு அங்கே தலைகீழ். எங்களுக்கு மாரி கார்த்திகை மார்கழி தை. அவர்களுக்கு மே தொடங்கி ஒக்டோபர் வரை மழை. நாங்கள் கச்சான் காற்றில் காய்கிற ஆகஸ்டில் அங்கே ஆறு பெருகிப் பாய்ந்துகொண்டிருக்கும். பாதை வழுக்கும், சிற்பத்தில் பாதி தண்ணீருக்குள். பெப்ரவரி, மார்ச்சில் போனால் எல்லா லிங்கமும் வடிவாகத் தெரியும், ஆனால் தண்ணீர் நூலாகத்தான் இருக்கும். தண்ணீர் ஓடாத அந்த இடத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது என் பிடிவாதம், யாரும் சண்டைக்கு வரலாம். டிசம்பர் சரி. மழை விட்டிருக்கும், ஓட்டம் இருக்கும், அடிப்பாறையும் தெரியும்.

உகந்தைநடை | திருக்கோவில்

விதானையார் சொன்னதற்கு மேலே ஒன்று. டிசம்பரில் அங்கே கஷ்டமில்லை, இங்கிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேருவதுதான் கஷ்டம். மன்னம்பிட்டியில் தண்ணீர் ஏறினால் ரெயிலும் இல்லை, றோட்டும் இல்லை. முதல் நாளே கொழும்பில் போய் நில்லுங்க.

சோழக்கொடி | மட்டக்களப்பு நகர்

இதையெல்லாம் செதுக்கியது தமிழ்ச் சிற்பிகள்தான் என்று ஒருவரும் சொல்லவில்லையே! இராஜேந்திர சோழன் கடாரம் வென்ற காலம். நம் ஆட்கள் போய்ச் செய்தது. வரலாற்றை மறைக்கிறார்கள்.

ஏட்டுச்சுவடி | களுவாஞ்சிக்குடி

தம்பி, யாரும் மறைக்கவில்லை. கல்வெட்டு இருக்கிறது, வாசித்திருக்கிறார்கள். சமஸ்கிருதமும் கெமர் மொழியும். செதுக்கியது அந்த நாட்டு ஆட்கள், செய்வித்தது அந்த நாட்டு அரசனும் அவனுடைய அமைச்சரும் மலையில் இருந்த தவசிகளும். அவர்களுடைய வேலையைப் பிடுங்கி எங்கள் கணக்கில் போட்டால்தான் எங்களுக்குப் பெருமையா? குலேன் மலையில் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்தது 802இல். அப்போது விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடிக்கவே இல்லை.

ஆனால் காலத் தொடர்பு உண்டு, அது உண்மையிலேயே சுவையானது. சூரியவர்மன் ஆட்சியில் இருந்தபோது இங்கே பொலனறுவை சோழர் கையில். இராஜேந்திரனுடைய கரந்தைச் செப்பேடு, காம்போஜ அரசன், அதாவது கம்போடியா அரசன், நட்பு வேண்டித் தேர் ஒன்றை அனுப்பினான் என்று சொல்கிறது. ஆக இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். பொலனறுவை வானவன்மாதேவி ஈச்சரத்தில் எங்கள் ஊர்ப் பக்கமாக லிங்கம் வைத்த அதே நூற்றாண்டில் அங்கே ஆற்றில் லிங்கம் வெட்டியிருக்கிறார்கள்.

தமிழ் வாசனை வேண்டுமென்றால் கபால் ஸ்பியனுக்குப் போகிற வழியிலேயே பந்தே ஸ்ரேய் இருக்கிறது, 967இல் கும்பாபிஷேகம் கண்ட கோயில், அரசன் கட்டாமல் யக்ஞவராகன் என்ற அந்தணப் பெரியவர் கட்டியது. இளஞ்சிவப்பு மணற்கல். அங்கே கீழைக் கோபுர முகப்பில் ஆடுகிற சிவனைப் பாருங்கள். பக்கத்தில் கீழே, வற்றிய முலையும் எலும்பு தெரியும் உடம்புமாக ஒரு பெண் இருக்கிறா. காரைக்கால் அம்மையார் என்றுதான் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ் வணிகன் மனைவி ஒருத்தி பேயுருக் கேட்டு வாங்கியவ, கம்போடியாக் கோயில் வாசலில் தாளம் போடுகிறா. இதைவிட என்ன வேண்டும்?

சோழக்கொடி | மட்டக்களப்பு நகர்

அம்மையார் விஷயம் தெரியாது. படம் இருந்தால் போடுங்க சேர்.

சிவதொண்டு | கொக்கட்டிச்சோலை

எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, யாராவது தெளிவுபடுத்துங்கள். ஆற்றின் தரை முழுக்க லிங்கம் என்றால் சனம் எங்கே கால் வைக்கிறது? எங்கள் தான்தோன்றீஸ்வரர் சந்நிதியில் படியைத் தாண்டவே யோசிக்கிறோம். அங்கே சப்பாத்தோடு லிங்கத்தில் மிதித்து நின்று படம் பிடிக்கிறார்கள் என்றால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

உகந்தைநடை | திருக்கோவில்

ஐயா, சிற்பம் இருக்கிற பகுதியைக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள், கரையில் நின்றுதான் பார்க்கலாம். காவலாளியும் நிற்கிறார். கீழே அருவியில் மட்டும் குளிக்கிறார்கள். நான் கண்ட கெமர் குடும்பம் ஒன்று அங்கே தண்ணீரை இரு கையாலும் அள்ளித் தலையில் தெளித்து, பிள்ளைகளுக்கும் தெளித்து, ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் புத்த சமயம். லிங்கம் என்று சொல்லிக் கும்பிடாவிட்டாலும் தண்ணீருக்கு ஒரு மதிப்பு இருக்கு.

வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று கயிற்றுக்கு மேலால் குனிந்து காலை வைக்கப் பார்த்தது, காவலாளி போட்ட சத்தத்தில் நானே பின்வாங்கினேன்.

சிவதொண்டு | கொக்கட்டிச்சோலை

அப்படியென்றால் சரி. ஓடுகிற தண்ணீரே சுத்தி. போகிறவர்கள் ஐந்தெழுத்தை ஒருதரம் மனசுக்குள் சொல்லுங்கள், போதும்.

முள்ளுவேலி | வாகரை

நான் சாமி விஷயம் கதைக்க வரவில்லை. பாதையை விட்டு இறங்காதீர்கள், அதைச் சொல்ல வந்தேன்.

யுத்தம் முடிந்தபிறகு இங்கே கண்ணிவெடி அகற்றுகிற வேலையில் நின்றவன் நான். மட்டக்களப்பு மாவட்டத்தைக் கண்ணிவெடி அபாயம் நீங்கியது என்று அறிவித்தது 2017இல். அதுவரைக்கும் எத்தனை வயலுக்குள் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றது என்று எங்கள் வயசுக்காரருக்குத் தெரியும். கம்போடியா இதில் எங்களைவிட மோசமாக அடிபட்ட நாடு. அந்த ஆற்றை வெளியுலகத்துக்குச் சொன்னவர் ஜான் பூல்பே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், 1960களின் கடைசியில். மறுகா உள்நாட்டு யுத்தம். 1990களின் கடைசி வரைக்கும் அந்தப் பக்கம் சுற்றுலாவுக்குப் போகிற நிலைமை இல்லை. இப்போது நடைபாதை துப்புரவாக்கப்பட்டது, அதில் பயமில்லை. காட்டுக்குள் ஒதுங்கப் போகிறேன், குறுக்குவழி பார்க்கிறேன் என்ற கதைமட்டும் வேண்டாம்.

பந்தே ஸ்ரேய் போகிற றோட்டில் கண்ணிவெடி அருங்காட்சியகம் ஒன்று இருக்கு. அகி ரா என்பவர் தொடங்கியது. சின்னப் பிள்ளையிலேயே படையில் பிடிபட்டு வெடி புதைத்தவர், வளர்ந்தபிறகு அதையே கையால் தோண்டி எடுத்தவர். திரும்பும்போது ஓர் அரை மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள். அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிற சில சாமான்களை நான் கையில் தூக்கியிருக்கிறேன்.

வாவிக்கரை | கல்லடி

அண்ணே, நன்றி. என்னவரிடம் காட்டினேன். அவர் வாழைச்சேனைக்காரர், வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் "அங்கேயும் இறங்குவோம்" என்றார்.

சம்மாந்துறைநானா | சம்மாந்துறை

தங்கச்சி, காசு விஷயம் யாரும் சொல்லல்ல. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டொலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாளில்தான் பாவிக்கவேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் பிரித்துப் பாவிக்கலாம். கபால் ஸ்பியனும் பந்தே ஸ்ரேயும் அதே சீட்டில் அடக்கம். குலேன் மலை உச்சிக்குப் போனால் அது புறம்பு, 20 டொலர். புது விமான நிலையம் 2023இல் திறந்தது, நகரிலிருந்து நல்ல தூரம். வந்திறங்கிய கையோடு "பக்கத்தில்தானே" என்று நினைத்து வாகனக்காரரோடு பேரம் பேசாதீங்க.

சாப்பாடு: அம்மா சைவம் என்றால் கவனம். மரக்கறி என்று கேட்டால் மரக்கறிதான் தருவார்கள், அதுக்குள் மீன் சாறு ஊற்றித் தருவார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, மச்சக் கணக்கில் வராது. நகருக்குள் இந்தியக் கடைகள் உண்டு, அங்கே ஹலாலும் கிடைக்கும், நான் அதில்தான் காலம் தள்ளினேன். ஆனால் கபால் ஸ்பியன் போகிற அன்றைக்கு அவல், வாழைப்பழம் கட்டிக்கொண்டு போங்க. மேலே கடை இல்லை.

சிலை வணங்காத நான், அந்தக் கல்லைப் பார்த்து வாய்விட்டு மாஷா அல்லாஹ் சொன்னவன். தண்ணிக்குள் இருந்து வேலை செய்தானா, தண்ணியை மறித்துவிட்டு வேலை செய்தானா என்றுதான் இன்னும் யோசனை.

வட்டைவிதானை | அம்பாறை

நானா, நல்ல கேள்வி. வறட்சிக் காலத்தில் ஓட்டம் சுருங்கும்போது ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டு மறுபக்கத்தில் வேலை செய்வதுதான் புத்தி. மணற்கல் என்றபடியால் உளிக்கு இலகு. குலேன் மணற்கல்லில்தான் அங்கோர் கோயில்களையே கட்டினார்கள்.

கவலை என்னவென்றால் மேலே காடு குறைகிறது. குலேன் மேட்டில் கஜு பயிரிட்டுக் காட்டை வெட்டிக்கொண்டு போகிறார்கள். மேட்டில் மரம் போனால் ஆறு மழைக்குப் பாய்ந்து வெயிலுக்கு வற்றும். எங்கள் பட்டிப்பளை ஆற்றுக்கு மேலே நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஏட்டுச்சுவடி | களுவாஞ்சிக்குடி

அந்தக் கஜுக் காட்டுக்குக் கீழேதான் ஒரு நகரமே கிடக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பி 2012இலும் 2015இலும் அளந்ததில் மகேந்திரபர்வதம் என்ற ஜெயவர்மன் காலத்துத் தலைநகரின் தெருக்களும் அணைகளும் வரைபடமாக வந்தன. நேரம் இருந்தால் குலேன் உச்சிக்கும் போகலாம், அங்கும் ஆற்றில் லிங்கங்கள் உண்டு, ஒரே பாறையில் செதுக்கிய பள்ளிகொண்ட புத்தரும் உண்டு. வாகனம் கிட்டத்தட்டப் பக்கத்திலேயே போகும்.

வாவிக்கரை | கல்லடி

அப்படியென்றால் அம்மாவுக்குக் குலேன்தான் சரியா? முழங்காலை நினைத்தால் ஒன்றரைக் கிலோமீட்டர் மேடு கொஞ்சம் யோசனையாக இருக்கு.

உகந்தைநடை | திருக்கோவில்

குலேன் இலகு. ஆனால் லீவு நாளில் திருவிழாச் சனம், சாப்பாட்டுக் கடை, பிள்ளைகள் குளிக்கிற சத்தம். கலகலப்புப் பிடிக்குமென்றால் அது. அம்மா குமுக்கன் ஆற்றைக் கடந்து வியாழையில் மணலில் படுத்தெழும்பி நடந்தவ என்றால், அவவுக்குக் கபால் ஸ்பியன்தான் பிடிக்கும். அந்த மரநிழலும் குரங்குச் சத்தமும் அப்படியே எங்கள் காட்டுப்பாதை.

செய்ய வேண்டியது, காலையில் எட்டு மணிக்குள் அடிவாரத்தில் நில்லுங்கள். பந்தே ஸ்ரேயைத் திரும்பும்போது பாருங்கள், வழமையாக எல்லாரும் மாறித்தான் செய்வார்கள். பின்னேரம் பிந்திப் போனால் மேலே ஏற விடமாட்டார்கள். அவவுக்கு ஒரு பொல்லு வெட்டிக் கொடுங்கள். முக்கால் மணித்தியாலத்தை ஒன்றரை மணித்தியாலமாக்கி, இருந்திருந்து ஏறுங்கள், வழியில் இருக்கக் கல் தாராளம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குப் பகை, அதனால் உறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சப்பாத்துக்குப் பிடிப்புள்ள அடி வேண்டும், பாட்டா செருப்பு ஆகாது.

வாவிக்கரை | கல்லடி

அம்மாவுக்கு இந்த இழையை முழுக்க வாசித்துக் காட்டினேன். லிங்கம், பெருமாள், காரைக்கால் அம்மையார் எல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தா. பொல்லு என்ற இடத்தில் கோபம் வந்துவிட்டது. "கதிர்காமத்துக்கே பொல்லு பிடிக்காதவ நான்" என்கிறா. சரி, பொல்லு என்னவர் கையில் இருக்கட்டும்.

டிசம்பர் முடிவு. பள்ளிக்கூடம் மூடிய மறுநாள் இரவு பஸ், முகவரிடம் விமானச் சீட்டு மட்டும். நானா, அந்த இந்தியக் கடை நகரில் எந்தப் பக்கம்? பழைய மார்க்கெட்டுக்குக் கிட்டவா?

சம்மாந்துறைநானா | சம்மாந்துறை

ஓம், மார்க்கெட்டைச் சுற்றித்தான் கூட. போகமுன் ஒருக்கா இங்கே எழுதுங்க, வாகனம் ஓட்டுற பொடியன் ஒருவனைச் சொல்கிறேன். நல்ல பிள்ளை, ஆனால் பாட்டை மெல்லமாகப் போடச் சொல்லுங்க.